நான்கு வாட்ச், நான்கும் 41 மி.மீ.: கட்டிப் பார்த்தால் எது எப்படி?

விவரத் தாளில் நான்குக்கும் ஒரே எண்தான், 41 மி.மீ. ஓடெமார் பிகேயின் ராயல் ஓக் (15510), வாஷெரோன் கான்ஸ்டன்டினின் ஓவர்சீஸ் (4500வி), ரோலெக்ஸ் சப்மரைனர் (126610), கிராண்ட் சீக்கோவின் ‘ஸ்னோஃப்ளேக்’ (எஸ்பிஜிஏ211). வாங்கினால் இவற்றில் ஒன்று, அதுவும் ஒன்றே ஒன்று என்று முடிவெடுத்து, மாதக்கணக்கில் படமும் வீடியோவும் பார்த்து, மேலே எழுதிய இதே வரிசையில் மனதுக்குள் இடமும் கொடுத்து வைத்திருந்தேன். நான்கையும் கையில் கட்டிப் பார்த்த பிறகு முதலிடத்தில் இருந்தது கடைசிக்குப் போனது. கடைசியில் இருந்தது இரண்டாவதாக ஏறி உட்கார்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வாட்சுக்கும் பொருந்தும் போல.

என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ. மேல்பக்கத் தட்டையின் அகலம் 52 மி.மீ. கடைக்குப் போகும் முன் இந்த இரண்டாவது எண்ணை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு ஒன்றாகவே இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்குக் கை உருண்டையாக இருக்கும், இன்னொருவருக்குப் பட்டையாக இருக்கும். உருண்டைக் கையில் தராசுத் தட்டு போல ஆடுகிற வாட்ச், பட்டைக் கையில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

41 மி.மீ. என்பது கேஸின், அதாவது வாட்சின் உலோக உடம்பின் குறுக்களவு. பக்கத்தில் இருக்கிற திருகுக் குமிழான கிரவுனைச் சேர்க்காமல் சொல்வது. ஆனால் கையில் பெரிது சிறிது என்று தெரிவதற்கு வேறு இரண்டு விஷயங்கள் காரணம். ஒன்று, மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரையுள்ள நீளம். ஸ்ட்ராப் மாட்டுகிற அந்த நான்கு கொம்புகளைத்தான் லக் என்கிறார்கள். இந்த நீளம் மணிக்கட்டின் தட்டை அகலத்தைத் தாண்டினால் வாட்ச் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்று, டயலைச் சுற்றியிருக்கிற வளையமான பெசல் எவ்வளவு அகலம், டயல் எவ்வளவு அகலம் என்பது. சப்மரைனரில் கறுப்புப் பீங்கான் வளையம் அகலமாக இருப்பதால் டயல் சுருங்கித் தெரியும், வாட்சும் அடக்கமாகத் தோன்றும். ஸ்னோஃப்ளேக்கில் வளையம் மெல்லிசு, டயல் வெள்ளை. அதனால் அதே 41 அங்கே ஒரு சுற்று பெரிதாகக் கண்ணுக்குப் படும்.

சரி, முதலில் ராயல் ஓக்.

வாட்ச் வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் வெளிவந்த இந்த எண்கோண வாட்சின் முதல் அளவு 39 மி.மீ. அந்தக் காலத்துக்கு அது அவ்வளவு பெரிதாக இருந்ததால் ‘ஜம்போ’ என்று பட்டப்பெயரே வந்தது. இன்று அதே 39ஐ நடுத்தர அளவு என்கிறோம். கண்ணுக்குப் பழகியதைத்தான் சரியான அளவு என்று நினைத்துக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

படத்தில் தெரியாத ஒன்று ராயல் ஓக்கில் இருக்கிறது. அது வெளிச்சத்தில் நடந்துகொள்கிற விதம். கேஸும் பிரேஸ்லெட் கண்ணிகளும் மேலே நீளக்கோடாகத் தேய்த்து மங்கலாக விடப்பட்டிருக்கும். ஓரச் சரிவுகள் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கையை லேசாகத் திருப்பினால் அந்த ஓரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னிக்கொண்டு போகும். பெசலில் இருக்கிற எட்டு அறுகோணத் தலைகளைத் திருகு என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அவை குழிக்குள் உட்கார்ந்த போல்ட்டுகள், திரும்பவே திரும்பாது. இறுக்குவதெல்லாம் பின்பக்கத்திலிருந்துதான். எட்டுத் தலைகளின் கோடுகளும் வட்டத்தைச் சுற்றி அத்தனை ஒழுங்காக நிற்பதற்கு அதுதான் காரணம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் போனது தெரியவில்லை.

ஆறாவது நிமிடத்தில் கையைக் கவனித்தேன். ராயல் ஓக்கில் தனியாகக் கொம்பு கிடையாது. கேஸிலிருந்தே பிரேஸ்லெட் இறங்குகிறது. முதல் கண்ணி கேஸோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நேராகப் போய்விட்டுத்தான் கீழே மடியும். அதுவும் கேஸ் பக்கத்தில் பிரேஸ்லெட் நல்ல அகலம், கொக்கிக்குப் போகப் போகத்தான் குறுகும். ஆகவே 41 என்ற எண் என் கையில் 43, 44 போல நடந்துகொண்டது. தடிமன் 10.5 மி.மீ.தான், முழுக்கைச் சட்டைக்குள் சுலபமாக நுழைகிறது; குறை சொல்ல முடியாது. ஆனால் கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் முதல் கண்ணிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சின்ன வெளிச்சக் கீற்று. அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

இது வாட்சின் குற்றமில்லை, என் கையின் கணக்கு. பட்டையான, 17.5 செ.மீ.க்கு மேல் போகிற கை என்றால் இந்த நால்வரில் ராயல் ஓக்தான் அழகாக உட்காரும் என்று நினைக்கிறேன். என்னை மாதிரி ஆட்கள் அதிலேயே 37 மி.மீ.யைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘அது சின்னது’ என்ற எண்ணத்தோடு போனவன்தான் நானும். கட்டிப் பார்த்தால் 37 சின்னதாகத் தெரியவில்லை, 41தான் இரவல் வாங்கினது போலத் தெரிந்தது. 39இல் இன்றும் ஜம்போ உண்டு (16202), வெறும் 8.1 மி.மீ. தடிமன். அதைக் கட்டிப் பார்க்கிற பாக்கியம் சுலபத்தில் கிடைப்பதில்லை.

அப்புறம் கொக்கி. எப்படிப்பட்ட கையும் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் நடந்தால் வீங்கும், குளிர்ந்த அறையில் சுருங்கும், உப்பு அதிகம் சாப்பிட்ட மறுநாள் காலையில் வேறு மாதிரி இருக்கும். ராயல் ஓக்கின் மடிப்புக் கொக்கியில் அப்போதைக்கப்போது தளர்த்திக்கொள்கிற வசதி இல்லை. கண்ணியைக் கழற்றிச் சரிபார்த்துக்கொண்டால் அதுதான் அளவு. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கட்டுகிறவருக்கு இது பொருட்டில்லை. காலை எட்டு மணிக்குக் கட்டி இரவு பத்து மணிக்குக் கழற்றுகிறவருக்குப் பொருட்டு.

இந்த ஒரு விஷயத்தில் சப்மரைனரை யாரும் தொட முடியாது. கொக்கிக்குள்ளேயே ஓர் உள்தட்டு, 2 மி.மீ. படிகளாக ஏறக்குறைய 20 மி.மீ. வரை நீள்கிறது, கருவி எதுவும் வேண்டாம். முக்குளிப்பவர்கள் கனத்த ரப்பர் உடைக்கு மேலே கட்டுவதற்காகச் செய்தது. என்னைப் போல நாற்காலியிலேயே முக்குளிக்கிறவர்களுக்கு அது மதிய வீக்கத்துக்குப் பயன்படுகிறது. 2020இல் 40லிருந்து 41 மி.மீ. ஆக்கியபோது ‘பெரிதாக்கிவிட்டார்கள்’ என்று புலம்பினவர்கள் உண்டு. உண்மையில் கொம்புகளை மெலிதாக்கி, பிரேஸ்லெட்டை 21 மி.மீ. அகலமாக்கினார்கள். கையில் பழையதைவிடச் சீராக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கொம்பு முதல் கொம்பு வரை சுமார் 48 மி.மீ. என் 52க்குள் அடங்கிவிட்டது, இரண்டு பக்கமும் ஓரம் விட்டு.

பிறகு ஏன் மூன்றாவது? தடிமன் 12 மி.மீ.க்குச் சற்று மேல். அதுவும் ஓரம் நிமிர்ந்து நிற்பதால் சட்டைக்கையின் பொத்தான் ஒவ்வொரு முறையும் அதோடு ஒரு சின்னத் தகராறு செய்கிறது. இன்னொரு காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டின அடுத்த நொடியே அது எனக்குப் பழகிப்போன வாட்ச் ஆகிவிட்டது. ஊரெல்லாம் கண்டதுதானே. 300 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்குவது, கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடுகிற சேமிப்பு, ஒரு சுற்றுக்கு 120 சொடுக்குப் போடுகிற வளையம், எல்லாம் சரி. கை மட்டும் ‘ஓஹோ’ என்று சொல்லவில்லை. ஒரே வாட்சை வைத்துக்கொண்டு கடல், மழை, சமையலறை, பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் பார்க்கிறவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு சப்மரைனரையே எடுங்கள்.

ஸ்னோஃப்ளேக்கைப் பட்டியலில் சேர்த்ததே ஒரு விதத்தில் அழிச்சாட்டியம்தான். மற்ற மூன்றும் ஸ்போர்ட்ஸ் வாட்ச்; இதை நிறுவனமே ஸ்போர்ட்ஸ் வரிசையில் வைக்கவில்லை, ஹெரிடேஜ் வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் டைட்டானியம், 100 மீட்டர் தண்ணீர், தினசரி உழைப்புக்கு ஏற்ற பிரேஸ்லெட் என்று வேலை பார்ப்பதெல்லாம் ஸ்போர்ட்ஸ் வாட்ச் வேலை. விற்பனையாளர் அதைத் தட்டிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தபோது, உள்ளே இயந்திரம் இருக்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 4.5 கிராம், ஸ்டீலுக்கு ஏறக்குறைய 8. பிரேஸ்லெட்டோடு மொத்த வாட்சும் சுமார் 100 கிராம்தான்.

எடை பற்றி ஒரு தனி வார்த்தை. கனமாக இருந்தால்தான் காசுக்குப் பொருள் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு, தங்க நகை பழக்கிவிட்ட எண்ணம். முதல் பத்து நிமிடம் அது உண்மை மாதிரியே தோன்றும். ஸ்டீல் வாட்ச் ‘நான் இருக்கிறேன்’ என்று கையில் அழுத்திச் சொல்லும், டைட்டானியம் ஏதோ பொம்மை மாதிரி இருக்கும். அரை மணி நேரம் கழித்து நிலைமை மாறும். நான் ஸ்னோஃப்ளேக்கைக் கட்டிக்கொண்டே வேறு பேச்சில் இறங்கி, மணி பார்க்க என் பழைய வாட்ச் எங்கே என்று தேடினேன். அது தட்டில் இருந்தது.

டயலைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பனி விழுந்து இறுகின தரை மாதிரி ஒரு சொரசொரப்பு, அதன் மேல் நீல எஃகு விநாடி முள் டிக் டிக் என்று குதிக்காமல் எண்ணெய் வழிகிற மாதிரி நகர்கிறது. அதன் ஸ்பிரிங் டிரைவ் இயந்திரத்தில் பேட்டரி கிடையாது. முறுக்கின சுருள்வில்தான் ஓட்டுகிறது, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது. மாதத்துக்கு 15 விநாடிக்குள் பிழை என்பது அவர்கள் கணக்கு. நான்கில் நேரம் தவறாததும் இதுதான். குறை என்றால் தடிமன் 12.5 மி.மீ., கொம்பு நீளம் 49 மி.மீ., அப்புறம் கொக்கியில் இதற்கும் உடனடித் தளர்வு வசதி இல்லை. கேஸ் கீழே வளைந்து கையைத் தழுவுவதால் அந்த 12.5 அவ்வளவு தெரியவில்லை. ஆனாலும் கறுப்புப் பனியனில், ஈரக் கையோடு, வெயிலில் நிற்கிற ஆளுக்கு அந்த வெள்ளை டயல் கொஞ்சம் அதிக மரியாதை கேட்கிறது.

ஓவர்சீஸ் எனக்கு ஆச்சரியமாக அமைந்தது. படத்தில் அது மற்ற இரண்டின் தம்பி மாதிரி இருக்கும்: ராயல் ஓக், 1976இல் ஜென்டாவே வரைந்த படேக் ஃபிலிப் நாட்டிலஸ், பிறகு மூன்றாவதாக இவர்கள். 1977இல் நிறுவனத்தின் 222ஆவது ஆண்டுக்கு வந்த ‘222’ என்ற வாட்சிலிருந்து வந்த வம்சம் இது. அதையும் ஜென்டா கணக்கில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் வரைந்தவர் யோர்க் ஹைசெக். (நாட்டிலஸை இந்த ஒப்பீட்டில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதன் ஸ்டீல் மாடலான 5711 நிறுத்தப்பட்டது 2021இல். அடுத்து வந்த 5811ம் 41 மி.மீ.தான், ஆனால் வெள்ளைத் தங்கம். அது வேறு கணக்கு, வேறு பணப்பை.)

கையில் வைத்ததும் தெரிந்த முதல் விஷயம், கண்ணிகள் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன. ஒவ்வொரு கண்ணியும் நிறுவனத்தின் சின்னமான மால்டாச் சிலுவையின் பாதி உருவம், ஓரங்கள் மழுங்கின மாதிரி இருக்கும், தோலில் எங்கேயும் குத்தவில்லை. ராயல் ஓக்கில் பார்த்த வெளிச்சக் கீற்று இங்கே இல்லை. 11 மி.மீ. தடிமன், 150 மீட்டர் தண்ணீர். இயந்திரத்தைச் சுற்றி மென்னிரும்பு வளையம் ஒன்று காந்தத்தைத் தடுக்க இருக்கிறது. கைப்பேசியும் மடிக்கணினியும் பக்கத்திலேயே கிடக்கிற வாழ்க்கைக்கு நல்லதுதான். கொக்கியில் சின்னதாக ஓர் இழுப்பு, சப்மரைனர் அளவுக்கு இல்லை, மதிய வீக்கத்துக்குப் போதும்.

முடிவைத் திருப்பியது ஸ்ட்ராப். ஓவர்சீஸோடு ஸ்டீல் பிரேஸ்லெட், தோல், ரப்பர் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. கருவி இல்லாமல் விரலாலேயே கழற்றி மாட்டலாம். ரப்பரில் மாட்டிக் கட்டினதும் அதே வாட்ச் ஒரு மில்லிமீட்டர் இளைத்துப்போனது. கூட வந்த தோழரே, ‘இது வேறயா?’ என்று கேட்டார். ஒரே வாட்ச்தான் வாங்கப் போகிறேன் என்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. மழைக்கு ரப்பர், கல்யாணத்துக்குத் தோல், மற்ற நாளுக்கு ஸ்டீல். ராயல் ஓக்கிலும் ஸ்ட்ராப் மாற்றலாம், ஆனால் வாட்சின் பாதி அழகு பிரேஸ்லெட்டில் இருக்கும்போது அதைக் கழற்ற யாருக்கு மனம் வரும்?

கட்டிப் பார்ப்பதிலேயே சில ஏமாற்று வேலைகள் நடந்துவிடும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கடையில் இருக்கிற வாட்சில் எல்லாக் கண்ணியும் அப்படியே இருக்கும். ‘கொஞ்சம் லூஸா இருக்கும் சார், கண்ணி எடுத்தா சரியாயிடும்’ என்பார்கள். உண்மைதான், ஆனால் லூஸான வாட்ச் சுண்டுவிரல் பக்கம் சரிந்து, கனமாகவும் பெரிதாகவும் தெரியும். கொக்கிக்கு அடியில் மடித்த துணியை வைத்தோ, விரலால் கண்ணிகளைச் சேர்த்துப் பிடித்தோ இறுக்கிப் பார்த்தால் உண்மையான இருக்கை தெரியும். கீழ்ப்பக்கம் பாதுகாப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் வழுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, கைப்பேசிப் படம். மணிக்கட்டை அரை அடி தூரத்தில் வைத்து எடுத்தால் வாட்ச் சோற்றுத் தட்டு மாதிரி விரியும். அகலக் கோணத்தில் பார்க்கிற கேமரா வில்லைக்கு அருகில் இருப்பதெல்லாம் பெரிதுதான். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்து ‘ரொம்பப் பெரிசு’ என்று ஒதுக்கினவர்கள் உண்டு. ஆள் உயரக் கண்ணாடி முன்னால் நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அடுத்தவர் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் தட்டச்சு செய்கிற மாதிரி கையை வைத்துப் பாருங்கள். கிரவுன் புறங்கையில் குத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். கடை விளக்கு எல்லா டயலையும் வைரமாக்கும், அதனால் வாசல் வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாமா என்று கேட்டேன். ஓர் இடத்தில் மறுத்தார்கள், மற்ற இடங்களில் ஒரு பணியாளர் கூட வந்தார்.

இன்னொரு சிக்கல், கேட்ட மாடல் கடையில் இல்லாமல் இருப்பது. இருந்தாலும் காட்சிக்கு மட்டும் என்ற அட்டையோடு இருக்கும். கட்டிப் பார்க்கத் தருவார்கள், விற்க மாட்டார்கள். அது நல்லதும்கூட, வாங்க வேண்டிய அவசரம் இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம். பழைய வாட்ச் விற்கிற கடையில் இன்னொரு லாபம் உண்டு, நாலைந்து வருடம் கட்டின வாட்சைத் தொட்டுப் பார்க்கலாம். ராயல் ஓக்கின் அந்தப் பளபள ஓரங்கள் கீறல் வாங்கிய பிறகு எப்படி இருக்கும், டைட்டானியம் எப்படித் தழும்பாகும் என்பதைப் புது வாட்ச் சொல்லாது. நண்பர் கையிலிருந்து வாங்கிக் கட்டுவதுதான் எல்லாவற்றிலும் மேல், ஒரு முழு நாள் கிடைத்தால். கிடைக்குமா என்பது நட்பைப் பொறுத்தது.

என் முடிவு இப்படி நின்றது. கை பட்டை, சட்டை முழுக்கை, அழகுதான் முதல் என்றால் ராயல் ஓக். கை 17 செ.மீ.க்குக் கீழே என்றால் அதிலேயே 37. தண்ணீரும் வேலையும் அதிகம் என்றால் சப்மரைனர். கையில் எதுவும் இருப்பது தெரியக் கூடாது, நேரம் மட்டும் தவறக் கூடாது என்பவருக்கு ஸ்னோஃப்ளேக், விலையிலும் நான்கில் அதுதான் இறங்கி வரும். எனக்கு ஓவர்சீஸ்.

ஓவர்சீஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு எழுந்தபோது, டயல் நீலமா கறுப்பா என்று கேட்டார்கள். இரண்டையும் வெயிலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.